உலாந்தாக்காரரின் உறுதிக்கட்டு

இணுவிலுக்கும் ஒல்லாந்தருக்கும் உள்ள தொடர்பு ஒரு மறியல் அறையில் ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர்ச் சின்னத்தம்பிப் புலவர் அவர்களுடைய ஆட்சியில் எழுத்து உத்தியோகம் பார்த்தவராம். கணக்கில் பிழையோ கதையில் பிழையோ, பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். புலவர் பிறக்கிராசி ஒருவரையும் தேடவில்லை. சிவகாமி அம்மனைக் கூப்பிட்டுத் துதி பாடினார், கதவு திறந்தது என்று ஊரில் சொல்வார்கள். "திறக்காமல் என்ன செய்யிறது? விடிய விடியப் பாட்டு. காவல்காரனும் மனுசன்தானே," என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

பெரியப்பா நொத்தாரிசாக இருந்தவர். கண் மங்கிக் கந்தோரைச் சாத்திய பிறகும், யாருடைய வேலி யாருடைய வளவுக்குள் எத்தனை முழம் நிற்கிறது என்பதை நித்திரையிலும் சொல்லுவார். அவரை வானில் ஏற்றிய பெருமை என் சித்தப்பாவின் மகனுக்கு. ஸ்டாக்ஹோமிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கிருந்து இரவுக் கப்பலேறி எஸ்தோனியாவுக்குப் போய், ஹாப்சாலு என்ற கரையோர ஊரில் ஒரு நூதனசாலை பார்த்தானாம். கரையோரச் சுவீடியர் என்று ஒரு சின்னக் கூட்டம். வொர்ம்சி, ருஹ்னு என்ற தீவுகளிலும் எதிர்க்கரையிலும் பல நூறு வருசம் மீன்பிடித்து, கமம் செய்து, சுவீடிஷ் கதைத்து வாழ்ந்தவர்கள். 1944இல் சோவியத் படை வருகிறது என்றதும் பெரும்பாலானோர் படகேறிச் சுவீடனுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அவர்கள் பெயரைச் சொல்ல மிஞ்சியிருப்பதில் அந்த நூதனசாலையும் ஒன்று.

"எங்கடை கரையிலயும் இப்பிடி வந்து இருந்திட்டுப் போன வெள்ளைக் கூட்டம் ஏதும் இருக்கோ, பெரியப்பா?"

"இருக்கு. ஒல்லாந்தர். ஆனா அவங்கள் இன்னும் போகேல்லை."

விளக்கம் கேட்டோம். வானை எடுக்கச் சொன்னார்.

ஒல்லாந்தரைப் பார்க்கப் போகிறவர் வழியில் போர்த்துக்கேயரைத் தாண்டத்தான் வேண்டும். 1619இல் பிலிப் தெ ஒலிவேறா வந்து யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினான். இரண்டு வருசத்தில் நல்லூர்க் கோயிலையும் இடித்தான். அவனுடைய ஆட்களுக்கு மாட்டிறைச்சி இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே வீட்டுக்கு வீடு முறை வைத்து நாளுக்கொரு பசு கொடுக்கவேண்டும் என்று கட்டளை. எங்களுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஞானப்பிரகாசர் வீட்டு முறை வந்தது. விடிந்தால் பசு போகவேண்டும். விடிவதற்கு முன்னே ஞானப்பிரகாசர் போய்விட்டார். கடல் தாண்டி, இந்தியாவில் சந்நியாசியாகி, சிதம்பரத்தில் ஒரு குளமும் வெட்டினார். ஞானப்பிரகாசம் குளம் இன்றும் அங்கே இருக்கிறது. அதே பரம்பரையில் பின்னர் பிறந்தவர்தான் ஆறுமுக நாவலர்.

"சரி, அந்தப் பசு?" என்றான் தம்பி.

முந்நூறு நானூறு வருசமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறோம். பசுவைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அநேகமாகப் பக்கத்து வீட்டுக்காரரின் முறை ஒரு நாள் முந்தி வந்திருக்கும்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ரைக்லொப் வன் கூன்ஸ் என்ற தளபதி யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி மூன்றரை மாதம் குந்தியிருந்தான். உள்ளே போர்த்துக்கேயருக்குப் பசியும் வருத்தமும். யூன் மாதம் கதவைத் திறந்துவிட்டார்கள். வன் கூன்ஸோடு ஒரு பாதிரியாரும் வந்தார், பிலிப்பஸ் பால்தேயஸ். ஒல்லாந்தில் டெல்ப்ட் நகரத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்துப் பெரிய புத்தகமாக எழுதினார். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எங்களைப் பற்றி எங்களுக்கு முதல் அங்கே வாசித்திருக்கிறார்கள்.

எங்கள் முப்பாட்டன்மாருக்கு இதற்குள் ஒரு பயிற்சி வந்துவிட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கர். ஒல்லாந்தர் வந்த மறுநாள் புரட்டஸ்தாந்தர். வீட்டுக்குள் எப்போதும்போல் சைவம். விரதச் சோறு சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரைக் கிடுகுக்குள் செருகினார்களாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் குற்றப்பணம். ஞானஸ்நானம் இல்லாமல் உத்தியோகம் இல்லை. ஆகவே ஞானஸ்நானம் எடுத்து, உத்தியோகம் எடுத்து, சம்பளமும் எடுத்தார்கள். நம்பிக்கையை மட்டும் எடுக்கவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இரகுநாத மாப்பாண முதலியார். ஒல்லாந்தர் கச்சேரியில் காசு எண்ணும் சிறாப்பர். 18ஆம் நூற்றாண்டில் நல்லூரில் கந்தசுவாமி கோயிலைத் திரும்பக் கட்டியவர் அவர்தான். கச்சேரிப் பதிவில் அவர் பெயருக்கு முன்னால் 'டொன் யுவான்' என்று இருந்தது. நல்லூர்த் தேருக்குத் தோள் கொடுக்கிற நாங்கள் எல்லாம் ஒரு டொன் யுவானுக்குக் கடன்பட்டவர்கள்.

சைவக்காரர் இப்படி நெளிந்து தப்ப, உண்மையான கத்தோலிக்கர்தான் மாட்டிக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருவை வீட்டில் ஒளித்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை போட்டாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் பிச்சைக்காரனாக வேசம் போட்டு வந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். பிச்சை போட்டவன் பிச்சை மட்டும் போட்டான். மாலையைப் பார்த்து முகம் மாறியவன் கத்தோலிக்கன். கணக்கெடுப்புக்கு இதைவிட மலிவான முறையை ஒல்லாந்தரும் கண்டுபிடித்ததில்லை. சில்லாலை ஊர் அவரை ஒளித்துக் காத்தது. 2015இல் பாப்பரசர் கொழும்புக்கே வந்து அவரைப் புனிதராக்கினார்.

கோட்டைக்கு வந்தோம். ஐந்து மூலை, முருகைக்கல், சுற்றிவர அகழி. போர்த்துக்கேயரின் பழைய கோட்டை பிடிக்கவில்லை என்று ஒல்லாந்தர் 1680 அளவில் ஐங்கோணமாகக் கட்டினார்கள். அத்தோடு விட்டார்களா? வெளிமதில், வெளிமதிலுக்கு வெளியே மேடு, மேட்டுக்கு வெளியே இன்னொரு வேலை என்று இழுத்து 1792இல் முடித்தார்கள். 1795 செப்டெம்பரில் இங்கிலிசு வெள்ளைக்காரன் வந்தான். ஒரு வெடிகூட வைக்காமல் திறப்பைக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருசத்துக்கு மேல் வீடு கட்டி, குடிபுகுந்த மூன்றாம் வருசம் வாடகைக்காரனிடம் பறிகொடுத்தவரை எங்கள் ஊரில் விசரன் என்போம். சரித்திரப் புத்தகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்கிறார்கள்.

உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. அதில் தொங்கிய மணி 1648இல் வார்த்தது, போர்த்துக்கேயருடையது, அற்புத மாதாவின் பெயர் பொறித்தது. ஒல்லாந்தச் சபைக்காரர் மாதாவை வணங்கமாட்டார்கள். ஆனால் நல்ல வெண்கலத்தை வீணாக்கவும் மாட்டார்கள். ஆகவே அந்த மாதா மணியடித்துக் கூப்பிட, இவர்கள் போய் மாதா வணக்கம் பிழை என்று பிரசங்கம் கேட்டார்கள். 1990 முற்றுகையில் தேவாலயம் நொறுங்கியது. அந்தக் கற்குவியலுக்கு முன் பெரியப்பாவும் பகிடி விடவில்லை. பின்னர் நெதர்லாந்து அரசாங்கமும் காசு கொடுக்க மதில்களைத் திருத்திக் கட்டினார்கள். கட்டியவனே திரும்பி வந்து பழுது பார்த்த கோட்டை உலகத்தில் அதிகம் இராது.

"இதுதானோ அவங்கள் விட்டுட்டுப் போனது?" என்று தம்பி படமெடுத்தபடி கேட்டான்.

"உது கல்லு. கல்லு விழும். அவங்கள் விட்டது கடதாசி."

பெரியப்பா மதிலில் குந்திக்கொண்டார். இனி அவரை எழுப்ப முடியாது.

ஒல்லாந்தருக்கு இங்கே பெரிய தலையிடி எங்கள் வழக்குகள். அண்ணன் தம்பி வழக்கு, வேலி வழக்கு, சீதன வழக்கு, பங்குக்கிணற்று வழக்கு. எந்த நீதவானுக்கும் எங்கள் வழமை தெரியாது. ஆளுநர் சிமோன்ஸ் எல்லாவற்றையும் எழுதி எடுக்கச் சொன்னார். அந்த வேலை கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவையின் தலையில் விழுந்தது. பாவம், 37 வருசம் யாழ்ப்பாணத்தில் இருந்த மனுசன். அவ்வளவு காலம் எங்கள் காணிக் கதைகளைக் கேட்ட ஒருவர் சுயபுத்தியோடு இருந்ததே அதிசயம். 1707 தையில் எழுதி முடித்து, கொமாண்டர் அடம் வன் டெர் டைனிடம் கொடுத்தார். யான் பீரூஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் வாசித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று ஒப்பம் வைத்தார்கள். பன்னிரண்டு யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் ஒரு காணி விசயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. கடைசித் தடவையும் அதுவாகத்தான் இருக்கும்.

அதுதான் தேசவழமை. 1806இல் வெள்ளைக்காரன் 18ஆம் இலக்கச் சட்டமாக்கி முத்திரை குத்தினான். அதற்குள் அடிமைகளைப் பற்றியும் பகுதி உண்டு. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தபோது அந்தப் பகுதி செத்தது. பழமை பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் விரலில் எச்சில் தொட்டு வேகமாகப் புரட்டுவார்கள். மற்றது உயிரோடு இருக்கிறது. தகப்பன் வழி வந்தது முதுசம், பெட்டைக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்தது தேடியதேட்டம். பங்குக் காணியை விற்பதென்றால் வெளியாளுக்கு முன் பங்காளிக்குச் சொல்லவேண்டும். ரொறொன்ரோவில் பனிக்குள் நின்று வேலைசெய்கிற பொடியன் தன்னுடைய நாலு பரப்புக் காணியை விற்க நினைத்தால், 1707இல் ஓர் ஒல்லாந்தர் வியர்த்து வழிந்து எழுதிய தாளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"அப்ப உங்கடை சம்பாத்தியம் முழுக்க அந்த ஐசாக்ஸ் போட்ட பிச்சை," என்றேன்.

"பிச்சை இல்லை, முதுசம்," என்றார்.

பட்டினத்தில் பறங்கித் தெருவால் போனோம். கம்பனி போனபோது எல்லா ஒல்லாந்தரும் கப்பல் ஏறவில்லை. கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, இங்கேயே நின்ற குடும்பங்கள் வெள்ளைக்காரனின் கச்சேரிகளில் எழுதுவினைஞர்களாகி, தங்களுடைய மொழியையும் மறந்து இங்கிலிசு பேசினார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் இலங்கை முழுவதிலும் பறங்கியர் பெட்டி கட்டினார்கள். கூடுதலானோர் போனது அவுஸ்திரேலியாவுக்கு. எஸ்தோனியச் சுவீடியருக்குத் திரும்பிப் போகச் சுவீடன் இருந்தது. இவர்களுக்கு ஒல்லாந்தில் யாரைத் தெரியும்? தெருவில் மிஞ்சியது பெயர்ப்பலகை.

பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் இறங்கினால் ஒல்லாந்தரின் இன்னொரு குணம் தெரியும். ஊர் நினைவு வந்தால் அழமாட்டார்கள், பெயர் வைப்பார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட். கள்ளிச் செடிக்கும் பனைக்கும் நடுவில் நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இது அம்ஸ்டர்டாம் என்று சொல்லுவதற்கு எவ்வளவு சாராயம் குடித்திருக்கவேண்டும்!

ஊர்காவற்றுறையில் இறங்கிக் கடலைப் பார்த்தோம். வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவால் நடத்திக்கொண்டு வந்து கோல்கொண்டா, வங்காள வியாபாரிகளுக்கு விற்ற காலத்தில் அவை கப்பலேறிய துறை இந்தப் பக்கம்தான். ஒல்லாந்தருக்கு யாழ்ப்பாணத்தில் காசு காய்த்தது அந்த வியாபாரத்தில். யானை கறுவாப்போல் மூட்டை கட்டக்கூடிய சாமான் இல்லை. கணக்குப்பிள்ளை ஒருவர் தும்பிக்கைக்கு எட்டாத தூரத்தில் நின்று உயரம் எழுதியிருப்பார்.

நடுக்கடலில் கடற்கோட்டை தெரிந்தது. ஒல்லாந்தர் இலங்கை வரைபடத்தைப் பார்த்து இது பன்றித்தொடை மாதிரி இருக்கிறது என்று முடிவு கட்டி, இந்த இடத்துக்குத் தொடையின் குதிக்கால் என்று பெயர் வைத்தார்கள், ஹம்மன்ஹீல். பசியோடு வரைபடம் பார்க்கக்கூடாது. போர்த்துக்கேயர் இதற்குள் இருந்தபோது, 1658இல், பீரங்கிக் குண்டு பட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்தது. சுற்றிவரக் கடல், குடிக்கச் சொட்டு இல்லை. சரணடைந்தார்கள். பின்னர் மறியல் வீடானது, 1971 கிளர்ச்சிக்காரரையும் அடைத்து வைத்தார்கள். இன்றைக்குக் கடற்படை நடத்துகிற விடுதி. முந்தி உள்ளே போடக் காவலர் தேவைப்பட்டது, இப்போது காசு கட்டி வரிசையில் நிற்கிறார்கள்.

குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போக ஒரு மணித்தியாலம் அளவில். தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பால்டிக் கடலில் கப்பலுக்குள் கடையும் சாப்பாடும் இருக்குமாம்.

நெடுந்தீவில் இறங்கிய கணமே பெரியப்பாவின் முகம் மாறியது. வேலிகள்! கதியால் இல்லை, கிடுகு இல்லை. முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி, நெஞ்சளவு உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இணுவிலில் ஒரு கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நடலாம். இங்கே ஒரு சாண் தள்ளுவதென்றால் பத்து ஆளும் ஒரு வண்டிலும் வேண்டும், ஊர் முழுக்க எழும்பிவிடும்.

"நொத்தாரிசுக்குச் சோறு கிடையாத ஊர்," என்று கவலைப்பட்டார்.

ஒல்லாந்தரின் கட்டடங்கள் கூரை இல்லாமல் நின்றன. ஒரு புறாக்கூடு இருக்கிறது, பொந்து பொந்தாக, ஒரு சின்னக் கோபுரம். கடிதம் கொண்டுபோன புறாக்கள் என்று ஒருவர் சொன்னார். கறிக்கு வளர்த்தது என்றார் இன்னொருவர். ஹம்மன்ஹீலுக்குப் பெயர் வைத்தவர்களை நினைத்தால் நான் இரண்டாம் ஆளின் பக்கம். பிறகு குதிரைகள். போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் வளர்த்து, வெள்ளைக்காரனும் கொஞ்சக் காலம் நடத்தினான். அப்போது தீவைப் பார்த்துக்கொண்டது நோலன் என்ற அயர்லாந்து லெப்டினன்ட். அந்தாள் ராசா மாதிரி ஆண்டதாகக் கதை. பண்ணை மூடியபோது குதிரைகளைக் கேட்க ஆள் வரவில்லை. அவை வெட்டையில் பெருகி, சேணம் அறியாமல், லாடம் அறியாமல், கோடையில் தண்ணீருக்கு அலைந்துகொண்டு இன்னும் நிற்கின்றன. தேசவழமைப்படி இவை யாருடைய முதுசம் என்று கேட்டேன். பெரியப்பா உண்மையாகவே யோசித்தார். "உரிமை கோர ஆளில்லாட்டி அரசாங்கத்துக்கு. ஆனா குதிரையள் எதிர்வழக்காடலாம்."

திரும்பும் படகில் பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு கடைப்பை. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறாளாம். பெரியப்பா என்ன தொழில் பார்த்தவர் என்று அறிந்ததும் நேரே விசயத்துக்கு வந்தாள். தாய் சீதனமாகக் கொடுத்த காணி. விற்கவேணும். புருசன் சுவிஸில், பல வருசமாகத் தொடர்பு இல்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் விற்க ஏலாது என்கிறார்கள்.

"ஓம் பிள்ளை, ஏலாது. எழுத்தில சம்மதம் வேணும். ஆனா ஆளின்ரை இருப்பிடம் தெரியாட்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். அவருக்குப் பதிலாக் கோடு சம்மதம் குடுக்கும்."

"அவர் தன்ரை காணிய விக்க என்ரை சம்மதம் வேணுமோ?"

"வேண்டாம்."

தம்பிக்குக் கடல் மயக்கம் தெளிந்துவிட்டது. சுவீடனில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை என்று கொதித்தான். 1921 வரைக்கும் சுவீடனிலும் கட்டின பெண்ணுக்குச் சட்டப்படி கணவன்தான் பாதுகாவலன் என்று அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் அந்தத் தாளைக் கிழித்தார்கள். நாங்கள் எங்களுடையதை 1911இல் தூசி தட்டி, இந்தக் கையெழுத்து விசயத்தைக் கறுப்பு மையில் எழுதிவைத்தோம்.

"உதை ஆர் எழுதினது?" என்று அவள் கேட்டாள்.

"வெள்ளைக்காரன் திருத்தினது. அதுக்கு முந்தி உலாந்தாக்காரன் எழுதினது. அவனுக்குச் சொல்லிக் குடுத்தது எங்கடை ஆக்கள். பன்னிரண்டு பேர் ஒப்பம் வைச்சவை."

"அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டில பெண்டுகளைக் கேட்டுத்தான் வைச்சவையோ?"

இணுவிலில் பெரியப்பாவுக்குப் பதில் தெரியாத கேள்வியை நான் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உறுதியைக் கொண்டா பார்ப்பம்," என்றார்.

கடைப்பைக்குள் பொலித்தீன் உறை, அதற்குள் பழுத்த கடதாசி. காற்றில் பறக்காமல் நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். பெரியப்பா கண்ணுக்கு மூன்று விரற்கடை தூரத்தில் வைத்து, படகு ஆடுகிற ஆட்டத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகத்தில் பத்து வயது குறைந்தது.

"வடக்கெல்லையைப் பிழையா எழுதியிருக்கிறான்!" என்று பெரும் சந்தோசத்தோடு கத்தினார். "பிள்ளை, இதிலை ரெண்டு வழக்கு இருக்கு."